கேட்கும் தூரம்

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
அறுநூற்றுப் பன்னிரண்டு நீலப் பெட்டிகள்.
எல்லாவற்றின் விலாவிலும் பட்டை ஒட்டினேன்:
அலுமினியத்தில் ஒரு கோலம்,
நடுவில் எள்ளைவிடச் சின்னதாய்ச் சில்லு.
பற்றரி கிடையாது.

"அப்ப அது என்னத்தத் தின்னும்?"
பாரம் தூக்குகிற கோகுலராசா கேட்டார்.
நாம் கேட்கிற கேள்வியைத்தான் தின்னும் என்றேன்.
வாசல் அன்ரனா வீசும் அலையில்
ஒரு வாய் அள்ளி விழித்துக்கொள்ளும்,
மிச்ச அலையைத் தட்டித் தட்டித்
தன் இலக்கத்தைத் திருப்பி அனுப்பும்,
அலை நின்றால் செத்துப்போகும்.
"நம்மட சம்பளம் மாதிரி" என்றார்.

கம்பனிப் புத்தகத்தில் எட்டு மீற்றர்.
எங்கள் வாசலில் ஒன்றேகால்.
எட்டு என்று எழுதியவன்
சூரை நிரம்பிய பெட்டியைக் கண்டிருக்க மாட்டான்.
ஐஸ் அலையை விடும்; உருகின ஐஸ் விடாது,
குடித்துவிடும்.
உப்பு மிச்சத்தையும் நக்கும்.

விடியப்புறத்தில் லொறியை மறித்து
பழையபடி கையால் எண்ணினோம்,
பெட்டிக்கு ஒரு ஏச்சு வீதம்.
றபியுதீன் ஹாஜியார் என் முகத்தைப் பார்க்காமல்
"ஜெனிற்றா புள்ள,
காசு குடுத்துக் குருட்டுக் கண்ணா வாங்கின?" என்றார்.

சத்தத்தைக் கூட்டப் பார்த்தேன்.
ஓர் அளவுக்கு மேல் சட்டம் கையைப் பிடித்தது.
பிடிக்காவிட்டாலும்
உரக்கக் கேட்பதால் மட்டும்
நனைந்து கிடப்பவர் பேசிவிடுவதில்லை.

உடைந்த றெஜிபோம் பெட்டியை அறுத்து
பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே
ஒரு விரல் கனத்தில் செருகினேன்.
தண்ணியை விட்டு அவ்வளவு தள்ளி நின்றதற்கே
மூச்சு வந்தது. மூன்று மீற்றர்.
அன்ரனாவைக் கழற்றி ஒழுங்கைப் பக்கம் சரித்துப் பூட்டினேன்.
நாலரை.

பிறகு ஓர் இரவு, ஜெனரேற்றர் இரைச்சலில்,
பால்மா பைக்கற்றின் வெள்ளித்தாளை
சாணுக்குக் கொஞ்சம் குறைத்துக் கீலம் கீலமாய் வெட்டி
ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் நிறுத்தினேன்.
கம்பி இல்லை, தொடுப்பு இல்லை.
வெறும் தாள், சும்மா நிற்கிறது.
அது நிற்கிற பக்கம் அலை சாய்ந்து வந்தது.
ஏழு மீற்றர்!
லொறி நிற்காமலே போனது, நாற்பத்தாறு பெட்டியும் விழுந்தன.
ஹாஜியார் தன் கையால் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார்,
சீனி கூடிப்போய்.

வெள்ளிக்கிழமை. லொறி இல்லை, வாசல் பூட்டு.
திரையில் 0417.

மாசியில் தொலைந்ததென்று என் கையால் எழுதிய பெட்டி.
மறைந்தது. வந்தது. மறைந்தது.
பழுதென்று நினைத்துக் கேபிளை ஆட்டினேன்.
பிறகு மதிலில் ஏறிப் பார்த்தேன்.

ஒழுங்கைக்கு அப்பால் புஸ்பகாந்தியின் வளவு.
சனிக்கிழமைகளில் எங்கள் ஆலைக்கு
மீன்தொட்டி கழுவ வருகிறவள்.
தகர வேலியோரம் கவிழ்த்துவைத்த நீலப் பெட்டி,
அதன்மேல் அவள் மகள்,
மடியில் கணக்குக் கொப்பி.
பிள்ளை இருந்தால் இலக்கம் மறையும்,
அழிறப்பர் தேட எழும்பினால் தெரியும்.
மனுசரும் பெரும்பாலும் தண்ணிதானே.

றெஜிபோம் இல்லை, வெள்ளித்தாள் இல்லை.
வெயிலில் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
புத்தகத்து எட்டு மீற்றரை
அறுநூற்றுப் பன்னிரண்டில் அது ஒன்றுதான் தொட்டது.

பொழுதுபடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கணக்கு பிழைத்திருக்க வேண்டும்,
நெடுநேரம் 0417 வரவேயில்லை.

சாவி கொண்டு ஏணியில் ஏறி
அன்ரனாவை இரண்டு விரல் உள்ளே கிறுக்கினேன்.
கீழே ஏணியைப் பிடித்திருந்த கோகுலராசா
நாடாவை இழுத்து அளந்தார்.
"ஏழு எண்டீங்க? ஆறே கால்தான் கிடக்கு."

லொறிக்கு அது காணும் என்றேன்.